கண்ணாடி இல்லாத கேபினெட்

என் வீட்டுக்காரருக்கு மிச்சம் இருப்பது ஒரு கண். வலது கண். எங்கள் வீட்டில் அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம், நான் உட்பட. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போனது போச்சு. இருக்கிற ஒண்ணை ரெண்டு பேருமா பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்தக் கண் எங்கள் கைக்குழந்தை. வீட்டில் எதை எங்கே வைப்பது, எதை உயரத்தில் வைக்கக் கூடாது, எந்தக் கதவை எப்படித் திறப்பது என்பதையெல்லாம் அதைக் கேட்டுத்தான் செய்வோம்.

அவர் கண்ணாடி பொருத்துகிறவர். இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்கும் கதவுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்தியிருக்கிறார். நான் திரைச்சீலை தைப்பவள். ஒரே வீட்டில் ஒரே ஜன்னலுக்கு அவர் கண்ணாடிக்கும் நான் திரைக்கும் அளவெடுக்கப் போய், ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டதில் ஆரம்பித்தது எங்கள் கதை. அன்றே தெரிந்திருக்க வேண்டும். நான் எந்த அளவெடுத்தாலும் மடிப்புக்கென்று நாலு விரல் கூட்டிக் கொள்வேன். அவர் எந்த அளவெடுத்தாலும் மூன்று மில்லிமீட்டர் கழித்து எழுதுவார். சட்டத்துக்குள் கண்ணாடி இறுக்கமாக உட்காரக் கூடாதாம், மூச்சு விட இடம் வேண்டுமாம். கை தானாகக் கழித்துவிடும். கல்யாணத்துக்கு மோதிர அளவு கொடுத்தபோதும் கழித்துக் கொடுத்து, என் விரலில் அது ஏறாமல் சோப்பு போட்டு ஏற்றினார்கள்.

கண் போனது கண்ணாடியால்தான். வேறெதனால் போகும்? யாரோ இடித்த ஆபீஸிலிருந்து ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து, மேசை அளவுக்கு வெட்டித் தரச் சொன்னார்கள். கண்ணாடியில் ஒரு வகை உண்டு, சூட்டில் போட்டுப் பதப்படுத்தியது. டஃபன் என்பார்கள். அதன் நடுவில் குத்தினால் தாங்கும். ஓரத்தைத் தொட்டால் தாங்காது, மொத்தமாகத் தூளாகிவிடும். அதனால் அதை வெட்டவே முடியாது. அந்த வகை என்று தெரிவதற்காக மூலையில் சின்னதாக முத்திரை போட்டிருப்பார்கள். அன்று முத்திரை மேல் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இவர் ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்க்கவில்லை. வேர்வையைத் துடைக்க, கண்ணுக்குக் காப்பாக மாட்டும் காகிள்ஸை நெற்றிக்குத் தூக்கி விட்டிருந்தார். இடுக்கியால் ஓரத்தில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆள் ஆகிவிட்டார். ஒரு கண்ணில் தூரம் தெரியாது. டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவார். படி இறங்கும்போது காலால் தடவிப் பார்ப்பார். கை நீட்டினால் கதவுப் பிடிக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல் மூடிக் கொள்ளும். பொருத்துகிற வேலை போயிற்று. அதே கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார், அளவு எழுதிக் கொள்கிறார். கண்ணாடி இருக்கும் பக்கம் போவதில்லை. காகிள்ஸை மட்டும் விடவில்லை. எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். வெளியிலிருந்து வந்ததும் எடுத்து மாட்டிக் கொள்வார். நான் எண்ணெய் காய வைத்தால் மாட்டிக் கொள்வார். சோடா பாட்டில் திறந்தால் மாட்டிக் கொள்வார். ஒரு தடவை நான் தும்மியதற்கு மாட்டிக் கொண்டார்.

"பயந்தாங்கொள்ளி" என்று நான்தான் பெயர் வைத்தேன். சிரிக்கத்தான் வைத்தேன். உள்ளே எனக்கு அவரைவிடப் பயம். அவர் தெருவைக் கடக்கிற நேரம் எனக்குத் தெரியும், காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, போன் அடிக்கிறதா என்று பார்த்துக் கொண்டிருப்பேன்.

இப்படி இருந்த மனிதருக்கு வேறூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு விளையாட்டைக் காட்டிவிட்டாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து லாரி ஓட்டச் சொன்னாள். இவர் முதலில் மாட்டேன் என்றார். அப்புறம் எழுந்திருக்க மாட்டேன் என்றார். மலைப்பாதையில் இருபது டன் சுமையோடு வளைவு வளைவாக ஏற்றிக் கொண்டு போகிறார், ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. எனக்கு ஆச்சரியம். டம்ளரில் தண்ணீர் ஊற்றத் தெரியாதவர் லாரியை எப்படி ஓட்டுகிறார்?

"அம்மா, இது திரைம்மா. இதுல தூரம் யாருக்குமே கிடையாது. ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்கும் ஒரே கண்ணுதான்" என்றாள் மகள்.

அவர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு முகம் அது. அந்த முகத்துக்காக நான் எதையும் வாங்கித் தந்திருப்பேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பாகமாக வாங்கினோம். மதர்போர்டு, பவர் சப்ளை, செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. அவரே கோர்த்தார். ஸ்க்ரூடிரைவர் முதலில் திருகுக்குப் பக்கத்திலேயே குத்திக் கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்கப் போராடி ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் இடது கை ஆள்காட்டி விரலால் திருகைத் தொட்டுக் கொள்வது, அந்த விரலை ஒட்டியே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவருவது. விரல்தான் அவருக்கு இடது கண் ஆயிற்று.

கேபினெட் மட்டும் வாங்கவில்லை. இதையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற பெட்டிதான் கேபினெட். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே அத்தனையும் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஃபேன்கள் சுற்றின, லாரி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அங்கே ஒரு லாரி எடுப்பாள், இவர் இங்கே ஒரு லாரி எடுப்பார். முன்னும் பின்னுமாகப் போவார்கள். ஹெட்போனில் பேசிக் கொண்டே போவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு மடிப்பு அடிப்பேன். நன்றாகத்தான் இருந்தது.

கெடுத்தது நான். ஒரு ஞாயிறு, நூல் சுற்றிய பாபினை மேசை ஓரத்தில் வைத்தேன். அது உருண்டு, மல்லாந்து சுற்றிக் கொண்டிருந்த ஃபேனுக்குள் விழுந்தது. டர்ரென்று ஒரு சத்தம். பாபின் பறந்து போய் அவர் முகத்தில் அடித்தது. வலது கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே.

அந்த இரண்டு விரலை நான் அப்புறம் அளந்து பார்த்தேன். அவர் நாற்காலியிலேயே சுருண்டு முகத்தைப் பொத்திக் கொண்டிருந்தார். கையை விலக்கிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து விட்டேன். ஹெட்போனில் மகள் "அப்பா, ஏன் நின்னுட்டீங்க? அப்பா?" என்று கூப்பிட்டுக் கொண்டேயிருந்தாள்.

"இன்னைக்கே கேபினெட் வாங்கணும்" என்றேன்.

"வாங்கலாம்" என்றார். சுரத்தே இல்லை. ஏன் இத்தனை நாள் தள்ளிப் போட்டார் என்று கடைக்குப் போனதும்தான் புரிந்தது.

கம்ப்யூட்டர் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கேபினெட்டுகள். எல்லாவற்றுக்கும் பக்கவாட்டில் கண்ணாடி. சிலதற்கு முன்னாலும் கண்ணாடி. உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்கு எரிகிறது. தரையிலிருந்து கூரை வரை டஃபன் கண்ணாடி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வீட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டு வந்திருந்த காகிள்ஸை எடுத்து மாட்டிக் கொண்டார்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "வெல்டிங்ல இருந்து நேரா வர்றீங்களா அண்ணே?"

"கண்ணாடி இல்லாத கேபினெட் இருக்கா?" என்றார் இவர், வாசலில் இருந்தபடியே.

"கண்ணாடி இல்லாமலா? உள்ள லைட் எரியறது அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

"ஒடஞ்சிடும்னு பயப்படுறீங்களா? அட, இது சும்மா கண்ணாடி இல்ல அண்ணே. பாருங்க." கடைக்காரர் திரும்பி, கை முட்டியால் ஒரு கேபினெட்டின் கண்ணாடியில் டொக் டொக்கென்று ஓங்கித் தட்டினார்.

எனக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் கொண்டிருக்கிறார். ஐம்பது வயது மனிதர். கடையிலிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அவரையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தத் தட்டலில் நானும் கண்ணை மூடித்தான் விட்டேன்.

கடைக்காரருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். பின்னறைக்குப் போய், தூசி தட்டி ஒரு கேபினெட்டைக் கொண்டுவந்தார். ஆறு பக்கமும் தகரம். கறுப்பு. அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. "பழைய மாடல், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா கார்டு நீளம் பாத்துக்குங்க. முந்நூத்தி இருபத்தெட்டு மில்லி வரைக்கும்தான் உள்ள போகும்."

இவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். வீட்டில் டேப் வைத்து மூன்று தடவை அளந்து எழுதிய சீட்டு. கார்டு நீளம், முந்நூற்று இருபத்தேழு. ஒரு மில்லி மிச்சம். அவர் முகம் மலர்ந்தது. பெட்டியை நான் தூக்குகிறேன் என்றால் விடாமல் தானே கட்டிப்பிடித்துக் கொண்டு வந்தார்.

வீட்டில் மதர்போர்டு உட்கார்ந்தது, பவர் சப்ளை உட்கார்ந்தது. கார்டு உட்காரவில்லை. முனை தகரத்தில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இரண்டே மில்லி இடிக்கிறது. நான் டேப்பை எடுத்து அளந்தேன். முந்நூற்று முப்பது. சீட்டைப் பார்த்தேன். முந்நூற்று இருபத்தேழு.

"ஏங்க, மூணு கழிச்சிட்டீங்களா?"

அவர் சீட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். மோதிரக் கதையை எடுத்தேன். வேறொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

"கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். கையும் போயிடுச்சு" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். விபத்துக்கு அப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அந்த வாரம் கம்ப்யூட்டரைப் போடவில்லை. அடுத்த ஞாயிறு மகள் போன் செய்தபோது, தலைவலி என்று சொல்லச் சொன்னார். கண்ணை நான் பத்திரமாகப் பார்த்துக் கொள்கிறேன், சரி. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள் மறுபடியும் போய்விட்டால் யாரைப் பார்த்துக் கொள்வது?

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, உள்ளே வைத்த பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தகரப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு நான் மட்டும் கடைக்குப் போனேன். மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர், ஆனால் தகரத்தில் வேறு இல்லை, வரவழைக்க ஒன்றரை மாதமாகும். அதைவிடக் கொஞ்சம் பெரிய கேபினெட் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இதுக்கு ஒரு பக்கம்தான் கண்ணாடி. நாலு திருகு. கழட்டி எங்கயாவது மறைவா வச்சிட்டா அண்ணன் கண்ணுலயே படாது. அந்தப் பக்கத்தை எதையாவது வச்சு மூடிக்குங்க."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார். அதற்குள் கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். கார்டையும் உள்ளே வைத்துப் பார்த்துவிடலாம். வந்ததும் ஆச்சரியப்படுவார். இப்படியெல்லாம் நினைத்துக் கொண்டு வந்தேன். என் மூளையை என்ன சொல்ல.

நாலு திருகையும் கழற்றினேன். பலகை கையோடு வந்தது. நினைத்ததைவிடக் கனம். பீரோவை ஒரு கையால் இழுக்க வேண்டும் என்பதால், பலகையைக் கீழே டைல்ஸ் தரையில் நிறுத்தி, சுவரில் சாய்க்கப் போனேன். கண்ணாடிக் கடையில் எப்போதும் மரக்கட்டை மேல்தான் பலகைகளை நிறுத்துவார்கள். இருபத்துநாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

கீழ் மூலை தரையில் பட்டது. டிக்.

சின்னச் சத்தம்தான். கடிகார முள் ஒரு தரம் நகர்ந்த மாதிரி.

"அசையாதே."

வாசலில் அவர். கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் வந்துவிட்டார். ஒரு செருப்பைக் கழற்றியிருக்கிறார், ஒன்று காலில் இருக்கிறது. அந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரல் இல்லை. முன்பு மூன்று பேர் சேர்ந்து பெரிய பலகையைத் தூக்கும்போது இவர் கொடுக்கும் குரல்.

"மூலை தரையில பட்டுச்சா?"

"லேசா."

"கையை விடாதே. அழுத்தாதே. இழுக்காதே. அப்படியே இரு."

நான் குந்தி உட்கார்ந்திருந்தேன். மேல் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என் முகத்துக்கும் பலகைக்கும் ஒரு முழம்கூட இல்லை. "ஒடையுமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியாது. டைல்ஸ் கண்ணாடியை விடக் கெட்டி. ஓரத்துல அடி வாங்கியிருக்கு. இப்பவே ஒடையலாம், ஒரு மணி நேரம் கழிச்சு ஒடையலாம், ஒடையாமலும் போகலாம்."

அப்போதுதான் எனக்கு டாக்டரம்மா ஞாபகம் வந்தார். இருக்கிற ஒண்ணை. அந்த ஒன்று வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கொண்டிருந்தது. எனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அந்த நொடியில் எங்கேயோ போய்விட்டது. வேறொரு பயம் வந்தது.

"நீங்க வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

"பேசாதே."

"கால்ல விழுறேன், போங்க!"

"பேசினா கை ஆடும். பேசாதே."

ஆணிப் பக்கம் கை நீட்டினார். முதல் தடவை காற்றைப் பிடித்தது. இரண்டாம் தடவை காகிள்ஸ் கைக்கு வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. போட்டுக் கொள்ளட்டும், போட்டுக் கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அவர் போடவில்லை. கையில் வைத்துக் கொண்டே நடந்து வந்தார். காலால் தரையைத் தடவித் தடவி வந்தார். எங்கள் கூடம் பத்து அடி கூட இருக்காது. அந்தப் பத்தடிக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடி அழுத்தாமல் இழுக்காமல் பிடித்திருந்தேன்.

பக்கத்தில் மண்டியிட்டார். அவர் விரல் என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் எதையோ தேடியது. அப்புறம் இன்னும் நீண்டு என் நெற்றியைத் தொட்டது. இடது ஆள்காட்டி விரல். திருகைத் தொடுகிற மாதிரி தொட்டு, அந்த விரலை ஒட்டிக் காகிள்ஸைக் கொண்டுவந்து என் கண்ணில் வைத்தார். வாரை இழுத்துத் தலைக்குப் பின்னால் விட்டார். என் முடி அதில் சிக்கி இழுத்தது.

கோடு கோடாகக் கீறல் விழுந்த அந்தப் பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கிறேன். அவர் கண் என் கண்ணுக்கு எதிரே, வெறும் கண்ணாக, இமை கொட்டாமல் இருக்கிறது. நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"இப்ப நான் போர்வை எடுத்து மேல போடுவேன். போட்டதும் மெதுவா..." என்று சொல்லிக் கட்டில் பக்கம் திரும்பினார்.

அப்போது வெடித்தது.

ஒரு மூட்டை கல்லுப்பை மாடியிலிருந்து கொட்டியது போல் ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. என் இரண்டு கையும் பிடித்த மாதிரியே நிற்கின்றன, நடுவில் பலகை இல்லை. மடியில், தரையில், பீரோவுக்கு அடியில் எங்கும் பச்சை ஓடிய சின்னச் சின்னத் துண்டுகள். கை விரல்களில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். மண்டியிட்டபடியே முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்தார். தலைமுடியில் துண்டுகள் மின்னின. மூக்கின் மேல் ஒரு கீறலிலிருந்து ரத்தம் இறங்கிக் கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார், மூடிய கண்ணோடு.

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

கண்ணைத் திறக்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன். தேய்க்காமல், தண்ணீரை மட்டும் முகத்தில் ஊற்றினேன். முடியிலிருந்து துண்டுகள் தொட்டியில் சலசலவென்று விழுந்தன. ஒரு வாளித் தண்ணீர் தீர்ந்தது. இமையில் ஒன்றும் இல்லை, வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது கண் போன அன்றைக்கும் இப்படித்தான், வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"திறங்க."

"இரு."

"வலிக்குதா?"

"தெரியல. பயமா இருக்கு."

"திறந்தாதானே தெரியும்?"

"திறந்தும் தெரியலைன்னா?"

மூன்று வருஷமாக அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டவள் நான். இந்தக் கேபினெட்டை வாங்கி வந்தவள் நான், திருகைக் கழற்றியவள் நான், தரையில் நிறுத்தியவள் நான். அந்தக் கண் திறந்து இருட்டாக இருந்தால், அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் காலையில் நான் எழுந்து என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"நானும் மூடிக்கிறேன்" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம். மூணு எண்ணுறேன்."

மூடிக் கொண்டேன். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். மூன்று சொல்ல வாய் வரவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"முதல்ல அந்தக் காகிள்ஸைக் கழட்டு" என்றார் அவர். "காது மேல முடி மாட்டியிருக்கு. மெதுவா."

நான் அங்கேயே, குழாயடி ஈரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் குனிந்து, விரலால் முதலில் என் காதைத் தொட்டு, அப்புறம் முடியை விடுவித்து, காகிள்ஸைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய கீறல்களுக்கு நடுவே புதிதாக ஒரு வெட்டு. சரியாக என் இடது கண்ணுக்கு நேரே.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார். மூக்குக்கு ஒரு பிளாஸ்திரி. என் விரல்களுக்கும் மருந்து போட்டுவிட்டார்.

கேபினெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கார்டு அதில் தாராளமாகப் போயிற்று. திறந்து கிடந்த பக்கத்துக்கு அவர் அலுமினியக் கம்பியில் ஒரு சட்டம் செய்தார், அளவெடுத்து மூன்று மில்லி கழித்து. கழிக்க வேண்டிய இடம்தான் அது. நான் அதில் வலைத் துணியை இழுத்துத் தைத்தேன், மடிப்புக்குக் கூட்டி வெட்டி. காற்று போகிறது, ஒன்றும் பறந்து வெளியே வராது. மகள் போனில் பார்த்து, "இப்படி ஒரு கேபினெட்டை உலகத்துல யாரும் வச்சிருக்க மாட்டாங்கம்மா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை லாரிகள் மறுபடி கிளம்பின. பீரோவை நகர்த்தும்போதெல்லாம் இன்னும் ஒரு துண்டு கிடைக்கிறது. கிடைக்கிற அன்று எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஒரு கேள்வி மட்டும் உள்ளே குடைந்து கொண்டேயிருந்தது. பத்து நாள் கழித்து, அவர் லாரியை ஓரம் கட்டியிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"தும்முனாக் கூட மாட்டிக்குவீங்களே. அன்னைக்குக் கையில வச்சுக்கிட்டு ஏன் எனக்குப் போட்டீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "நடந்து வரும்போது கழிச்சுப் பாத்தேன். எனக்குப் போனா ஒண்ணு போகும். உனக்குப் போனா ரெண்டு போகும்."

இந்தக் கணக்கிலும் ஏதோ தப்பு இருக்கிறது. எங்கே என்று என்னால் காட்ட முடியவில்லை. எழுந்து கடைக்குப் போய் இன்னொரு காகிள்ஸ் வாங்கி வந்து, அவருடையதற்குப் பக்கத்தில் அதே ஆணியில் மாட்டினேன்.